ஊர் மாறலாமா?

மார்ச் 3, திங்கள்

வீடு வந்து சேர இன்றைக்கும் இரவு எட்டேகால். செருப்பைக் கழற்றுவதற்குள் என் கணவர் சொல்லிவிட்டார்: "அந்த வீட்டுக்காரர் பேசினார். ஏப்ரல் 15-க்குள்ள முடிவு சொல்லணுமாம்."

இந்த நகரத்தை விட்டு நாங்கள் குடிபோக யோசிக்கும் சின்ன ஊர் அது. தரைத்தள வீடு, அத்தைக்குப் படியேற வேண்டாம். பின்னால் மரங்கள். இங்கே கொடுக்கும் வாடகையில் மூன்றில் ஒரு பங்கு. அவருடைய வேலையை எங்கே உட்கார்ந்தும் செய்யலாம். எனக்கும் அங்கே கிளை அலுவலகம் இருக்கிறது, மாற்றல் கேட்டால் கிடைத்துவிடும். மறுப்பதற்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. ஆனாலும் பதில் சொல்லாமல் அத்தைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கப் போய்விட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அலுவலகம் போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால். மாதம் 22 வேலை நாள் என்றால் 55 மணி நேரம். இரண்டு நாள் இரண்டு இரவுக்கும் மேல் நின்றுகொண்டே போகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த நகரத்தின் மேல் ஏன் இத்தனை பிரியம்? 22 வயதில் ஒரு பெட்டியோடு தனியாக வந்திறங்கினேன். முதல் வாரம் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்குக் கடைத்தெரு வழியாகச் சும்மா நடந்தேன். எங்கே போகிறாய், யார் வீட்டுப் பெண் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதுவரை நான் அறியாத சுகம் அது. எங்களுக்குக் குழந்தை இல்லை. பதினோரு வருஷமாக இந்தக் கட்டடத்தில் இருக்கிறோம், அதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. மனிதர்களுக்கு ஈரம் இல்லை என்று இதைத்தான் குறை சொல்கிறார்கள். என்னை மூச்சுவிட வைத்ததே இதுதான்.

மார்ச் 16, ஞாயிறு

"கடைசியா எப்ப நூலகத்துக்குப் போனே?" என்று கேட்டார். யோசித்தேன். டிசம்பர். நாடகம் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. "போகாத நூலகத்துக்காகவா இங்க இருக்கணும்?"

சுருக்கென்றது. நியாயமான கேள்வி என்பதால்தான்.

1998-ல் டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் வெயிலும் கடலும் உள்ள கலிபோர்னியாவில் ஒரு கூட்டம் மாணவர்கள், குளிர்வாட்டும் மத்திய மேற்குப் பகுதியில் இன்னொரு கூட்டம். வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி என்று கேட்டால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே பதில். ஆனால் கலிபோர்னியாக்காரர்கள்தான் சந்தோஷமாக இருப்பார்கள் என்று இரு தரப்பும் நம்பியது. இரண்டு இடங்களை ஒப்பிடும்போது வித்தியாசமாக இருப்பது மட்டும் கண்ணில் பெரிதாகத் தெரிகிறது, மற்ற நாளெல்லாம் மறந்துபோகிறது. அவர் கண்ணில் மரம் நிற்கிறது, என் கண்ணில் நூலகம். இரண்டு பேருமே ஒரு செவ்வாய்க்கிழமை காலையை நினைத்துப் பார்க்கவில்லை.

விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரு வாரம் அந்த ஊரில் இருந்து பார்க்கலாம் என்றேன். சுற்றிப் பார்க்க இல்லை, துணி துவைத்து, சமைத்து, அவர் வேலை பார்த்து.

மார்ச் 25, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை காலை. கிளை அலுவலகத்துக்கு நடந்து பார்த்தேன், 12 நிமிஷம். மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா வந்து, கேட்காமலே அத்தைக்குக் கால் பிடித்துவிட்டார். போகும்போது வாசலில் நின்று, "எத்தனை பிள்ளைங்க?" என்றார். இல்லை என்றேன். "அடடா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனசு. சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

மார்ச் 27, வியாழன்

இரவு மொட்டை மாடி. நிலவில்லை. பைனாகுலர் இல்லாமலே கார்த்திகை மீன்களை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. அவர் ஒரு மணி நேரம் பேசவே இல்லை. இப்படி அவர் முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! இதை எழுதும்போதும் மனசு பிசைகிறது.

மார்ச் 28, வெள்ளி

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அத்தைக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேன் எடுத்து உறுதிசெய்ய வேண்டும். அன்றைக்கு ஆட்டோவில் 20 நிமிஷத்தில் போய்விட்டோம். இங்கே விசாரித்ததில் அந்த வசதி உள்ள ஆஸ்பத்திரி 70 கிலோமீட்டர்.

இது ஊரின் குற்றம் இல்லை. வால்ட்டர் கிறிஸ்டல்லர் என்ற ஜெர்மன் புவியியலாளர் 1933-லேயே இதை விளக்கியிருக்கிறார். அன்றாடத் தேவைக்கான கடை நடக்கச் சில நூறு பேர் போதும். எப்போதாவது தேவைப்படும் சேவை நிலைக்க லட்சம் பேர் சுற்றுவட்டத்தில் வேண்டும், அதனால் அது பெரிய ஊரில்தான் இருக்கும்.

அத்தையிடம் சொன்னேன். "என்னைச் சாக்கு வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. எனக்குத் தரை வீடு பிடிச்சிருக்கு. உனக்கு என்ன பிடிச்சிருக்கு, அதைச் சொல்லு" என்றார்கள்.

ஏப்ரல் 5, சனி

அலுவலகத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் தோழி வெளியூர் போயிருந்தாள். சாவியை வாங்கி ஐந்து நாள் அங்கே தங்கினேன். திங்கள் ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் இருந்தேன், என்ன செய்வதென்றே தெரியவில்லை. புதன் நூலகம். வியாழன் இரவு ஒன்பது மணிக்குக் கடைத்தெருவில் கால் போன போக்கில் நடந்தேன்.

நான் விட்டு ஓட நினைத்தது அந்த 55 மணி நேரத்தை. அதை நகரம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏப்ரல் 10, வியாழன்

அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு வீடு பார்த்தோம். தரைத்தளம், ஆனால் இரண்டே அறை, வாடகை இப்போதையதைவிட அதிகம். மரம் கிடையாது. எதிரே சுவர்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைக் கேள்வியையும். அது அவருக்கும் வலித்திருக்கிறது, சொல்லவில்லை அவ்வளவுதான். ஆனால் அந்த வானத்துக்காகத் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். என்னால் முடியாது என்றேன். நெடுநேரம் கழித்து, "ஒரு வருஷம் பார்ப்போம். அப்புறம் நான் மறுபடி கேட்பேன்" என்றார். கேளுங்கள் என்றேன். எனக்குக் கிடைப்பது அவர் கையிலிருந்து போகிறது, அது எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 12, சனி

சின்ன ஊர் வீட்டுக்காரருக்கு நானே போன் செய்து வரவில்லை என்று சொன்னேன். அவரைச் சொல்லவிடக் கூடாது என்று தோன்றியது.

இரவு புது வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பும்போது அவரைக் காணோம். வாசலில், சுவருக்கு மேலே தெரியும் துண்டு வானத்தைப் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தார். "வியாழன் கிரகம். அதோட நிலவு மூணு தெரியுது, நாலாவது பின்னால இருக்கு போல" என்று என்னிடம் நீட்டினார். கை நடுங்காமல் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.