ஸ்ட்ரைக்கருக்கு வால் முளைத்த நாட்கள்

பிப்ரவரி 3, 2025, திங்கள்

போதையை விட்டு இன்றோடு 12 நாள். கிளப்பில் கேரம் ஆடினேன். ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால் அது போன வழியெல்லாம் வெள்ளையாக ஒரு வால் நிற்கிறது. காயின் எங்கே, வால் எங்கே என்று பிடிபடவில்லை. பவுடர் ஜாஸ்தி என்று சமாளித்தேன். புது வண்ணாரப்பேட்டையில் அந்தப் பொய் எடுபடுமா? 2024 கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் அடித்த காசிமாவின் ஏரியா இது. பொடிப் பசங்களுக்கே பவுடர் கணக்குத் தெரியும்.

பிப்ரவரி 6, வியாழன்

அக்கா விடாமல் நச்சரித்து 14446க்குப் போன் போட வைத்தாள். போதை மீட்புக்கான அரசு எண். போலீஸ் வருமோ என்று உதறல். எங்கே போய்ப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்கள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

டாக்டரம்மாவிடம் கொட்டிவிட்டேன். ஸ்டாம்ப், அதாவது இல்லாததைக் கண்ணில் காட்டும் எல்எஸ்டி போதை, ஏழெட்டுத் தடவை. கஞ்சா தினமும். முதல் தடவை காசிமேட்டில் கடலே மூச்சு விட்டது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கடைசித் தடவை நைனா முகம் உருகி வழிந்தது. பத்து மணி நேரம் இறங்கவே இல்லை.

மூளையில் செரோட்டோனின் என்ற ரசாயனம் உட்காரும் இடத்தில் ஸ்டாம்ப் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். சாராயத்தை விட்டால் கை நடுங்குகிற மாதிரி, இதை விட்டால் நடுங்காது. ஆனால் சிலருக்கு எல்லாம் இறங்கிய பிறகும் வாலும் ஒளிவட்டமும் கண்ணில் மிஞ்சும். கஞ்சா அதைக் கிளறிவிடும். நிறையப் பேருக்கு நாளாவட்டத்தில் குறையும் என்றார். எனக்கு எப்போது? தேதி சொல்ல மாட்டேன் என்றார். கோபம் வந்தது. அப்புறம், சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன் என்று தோன்றியது.

மார்ச் 2, ஞாயிறு

வழுக்கிவிட்டேன். ஒரே ஒரு இழுப்பு. ராத்திரி முழுக்கத் தெருவிளக்கெல்லாம் வளையம் வளையமாக. அம்மாவிடம் சொல்லவில்லை. சட்டையை மோந்து பார்த்தாள், பேசாமல் ஊற வைத்தாள்.

ஏப்ரல் 19, சனி

பழைய குரூப்பில் ஒருத்தன், "ஹேப்பி சைக்கிள் டே மச்சி." 1943இல் இதே நாளில் எல்எஸ்டியை உருவாக்கிய ஆல்பர்ட் ஹாஃப்மன் அதைச் சாப்பிட்டுவிட்டு சைக்கிளில் வீடு போனார். தனியாகப் போகப் பயந்து உதவியாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டதை இவனுங்க யாரும் சொல்வதில்லை. குரூப்பை விட்டு வெளியே வந்தேன்.

15ஆம் தேதியிலிருந்து 61 நாள் மீன்பிடித் தடை. நைனா கரையில்தான். வலை பின்னக் கூப்பிட்டார். கண்ணியெல்லாம் லேசாக நெளிகிறது. நாலு கண்ணி தப்பு. திட்டுவார் என்று பார்த்தேன். பிரித்துப் போட்டுவிட்டு, ஊசியை மறுபடி என்னிடமே நீட்டினார்.