சுருட்டை முடிக்குச் செக்கு எண்ணெய்: சித்திரை முதல் மார்கழி வரை செய்து பார்த்தவை

சித்திரை, வைகாசி

எண்ணெயைத் தொடும் முன் தண்ணீரைப் பார்த்துவிட வேண்டும். செட்டிநாட்டில் தண்ணீர் தெருவுக்குத் தெரு மாறுகிறது. காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணீர் ருசிக்குப் பேர் போனது. ஆனால் போர் தண்ணீரை நம்பியிருக்கும் பல வீடுகளில் துவரம்பருப்பு லேசில் வேகாது; வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும். அந்தக் கால்சியம், மக்னீசியம் உப்புகள் சோப்போடு சேர்ந்தால் கரையாத பிசுக்காகி முடியின் மேல் படியும். அதற்கு மேல் எவ்வளவு நல்ல எண்ணெயைத் தேய்த்தாலும் மேலாக நின்றுவிடும். கையில் வைத்துப் பார்க்கும் டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது. இந்த விஷயத்தில் பருப்பையும் பானையையும் நம்பலாம்.

நேர் முடிக்கு இது அவ்வளவாகத் தெரியாது. சுருட்டை முடிதான் முதலில் காட்டிக்கொடுக்கும். மண்டையில் சுரக்கும் எண்ணெய் வளைவுகளைத் தாண்டி நுனிவரை இறங்குவதில்லை. அதனால்தான் வேர்ப் பக்கம் பிசுக்கும் நுனிப் பக்கம் வறட்சியும் ஒரே தலையில் இருக்கின்றன. அந்த வறண்ட பாதியில் உப்பும் ஏறினால் இழைக்கு இழை உரசிச் சிக்கு விழுகிறது.

எனவே முதல் மாற்றம் சோப்பை விட்டது. அடுத்தது, சீயக்காய்ப் பொடியை விட்டுச் சீயக்காய்ச் சாறுக்கு வந்தது. பொடி நேர் முடியில் அலசினால் போய்விடும். சுருளுக்குள் புகுந்த திப்பி போகாது. அதை எடுக்கத் தேய்க்கத் தேய்க்க முடியின் மேல்தோல் சிராய்க்கும், மறுநாள் சீப்பில் பழுப்புத் தூள் உதிரும். சாறு எடுக்கும் அளவு: விதை நீக்கிய சீயக்காய் 15 கிராம், வெந்தயம் ஒரு டீஸ்பூன், அரை லிட்டர் தண்ணீர். இரவு ஊறவைத்து, காலையில் பத்து நிமிடம் சிறு தீயில் கொதிக்கவிட்டு, ஆறியதும் கையால் பிசைந்து மல் துணியில் இரண்டு தடவை வடிகட்ட வேண்டும். தோள் வரை உள்ள முடிக்கு 250 மி.லி. போதும். மீதியை ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். கண்ணில் பட்டால் எரியும், தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றுவது நல்லது.

கடைசி அலசலுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் வடிகட்டிய எலுமிச்சைச் சாறு இரண்டு டீஸ்பூன். நல்ல தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் போதும். போர் தண்ணீரின் காரத்தன்மை புளிப்பில் பாதியைத் தின்றுவிடுவதால்தான் இரண்டு. மண்டையில் புண்ணோ கீறலோ இருந்தால் இதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆனி, ஆடி

எண்ணெய். தேங்காய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் தனித்தனியாகத் தேய்த்துப் பார்த்ததில் தேங்காய் எண்ணெய் முன்னால் நின்றது. காரணமும் தெளிவு. அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். சிறிய, நேரான மூலக்கூறு என்பதால் முடியின் உள்ளே நுழைகிறது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2003-இல் வெளிவந்த ஆய்வில், முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. உள்ளே போன எண்ணெய், முடி தண்ணீரைக் குடித்து உப்புவதைக் குறைக்கிறது. ஆகவே தலை குளிக்கும் முன் தேய்ப்பதற்குத்தான் அதன் முழுப் பலன்.

விளக்கெண்ணெய் உள்ளே போகாது, மேலே கெட்டியாக ஒட்டும். முடி வளர்க்கும் என்று தனி விளக்கெண்ணெயைச் சுருட்டை முடியில் அப்புகிறவர்கள் கவனிக்க வேண்டும்: நீள முடி கழுவும்போது ஒரே திரளாக இறுகி, பிரிக்கவே முடியாமல் வெட்டி எடுத்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான். ஆனாலும் பத்து பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்குக்கு மேல் விளக்கெண்ணெய் கலப்பதை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை.

செக்கில் வாங்கும்போது கொப்பரையைக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள். பூஞ்சணம் பிடிக்காமலிருக்கக் கந்தகப் புகை காட்டிய கொப்பரையும் சந்தையில் உண்டு. வெயிலில் காய்ந்த கொப்பரை வேண்டும். ஆட்டிய எண்ணெயை மூன்று நாள் அசைக்காமல் வைத்து, தெளிந்ததை மட்டும் மேலாக இறுத்துக்கொள்ள வேண்டும். அடி மண்டியோடு தலையில் வைத்தால் வேர்வையில் புளித்து நாறும்.

ஆடியில் காய்ச்சிய முதல் ஈடு: எண்ணெய் 500 மி.லி., நிழலில் உலர்த்திய கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, செம்பருத்திப் பூ பத்து, வெந்தயம் ஒரு டீஸ்பூன். நிறமும் வாசனையும் நன்றாக வந்தன. ஆனால் சுருள் இளகவில்லை, தனித் தேங்காய் எண்ணெய்க்கும் இதற்கும் கையில் வித்தியாசமே தெரியவில்லை. செம்பருத்தியிலும் வெந்தயத்திலும் முடிக்கு உதவுவது அந்த வழுவழுப்பு. அது தண்ணீரில் இறங்குவது, எண்ணெயில் இறங்காது. அடுத்த ஈட்டில் இரண்டையும் எண்ணெயிலிருந்து எடுத்துவிட்டோம். வெந்தயம் ஏற்கெனவே சீயக்காய்ச் சாற்றில் இருக்கிறது. செம்பருத்தி இலை பத்தைத் தண்ணீரில் கசக்கி, வடிகட்டி அதே சாற்றில் சேர்த்ததும் சிக்கு விரலிலேயே பிரிந்தது. கண்டிஷனர் இல்லாமல் குளிக்க நினைப்பவர்களுக்கு இதைவிட எளிய வழி தெரியவில்லை.

தேய்க்கும் முறை: தோள் வரை உள்ள முடிக்கு மூன்று டீஸ்பூன், அதாவது 15 மி.லி. எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். நேராக அடுப்பில் காட்ட வேண்டாம். முடியை நான்கு பாகமாக வகிர்ந்து, மண்டைக்கு ஒரு டீஸ்பூன், மீதி இரண்டும் நடுவிலிருந்து நுனி வரை. எண்ணெய் வழுக்கும்போதே சிக்கு எடுத்துவிட வேண்டும், அகலப் பல் சீப்பால், நுனியில் தொடங்கி மேலே ஏறி. ஒன்றரை மணி நேரம் போதும். வெயில் காலத்தில் இரவெல்லாம் ஊறவிட்டால் பிடரியில் வேர்வையும் எண்ணெயும் சேர்ந்து கொப்புளம் கிளம்புகிறது. பொடுகு உள்ளவர்கள் மண்டைக்கு எண்ணெயே வைக்காமல் நீளத்துக்கு மட்டும் தேய்க்கலாம். பொடுகோடு சேர்ந்த பூஞ்சை எண்ணெயில் உள்ள கொழுப்பைத் தின்றுதான் பெருகுகிறது.

செவ்வாய், வெள்ளி என்று வாரம் இரண்டு முழுக்கு ஆச்சிமார் வழக்கம். சுருட்டை முடிக்கு வாரம் ஒன்று போதும். இரண்டு வேண்டுமென்றால் ஒன்றில் வெறும் தண்ணீர் அலசல்.

ஐப்பசி, கார்த்திகை

மழை வந்ததும் பெரிய மாறுதல். ஓட்டுச் சரிவிலிருந்து வளவு முற்றத்துக்குள் விழும் தண்ணீரை அண்டாவில் பிடிப்பது இந்த ஊர் வீடுகளில் பழகிய காரியம். முதல் மழையை விட்டுவிட வேண்டும். ஓட்டில் படிந்த தூசியும் பறவை எச்சமும் அதில்தான் வரும். அடுத்த மழையைப் பிடித்து, கொசு இறங்காமல் துணியால் வாய் கட்டி மூடிவைக்க வேண்டும். முழுக் குளியலுக்கும் அது வேண்டியதில்லை. கடைசி அலசலுக்கு மூன்று லிட்டர் போதும், எலுமிச்சையும் தேவைப்படாது. போர் தண்ணீரில் அலசிய சுருள் காய்ந்ததும் பரட்டையாகிறது. மழைத் தண்ணீரில் கடைசி அலசல் கண்ட அதே தலை கொத்துக் கொத்தாகத் திரண்டு நிற்கிறது. வருடம் முழுக்கத் தேய்த்த எண்ணெய் செய்யாததை அந்த மூன்று லிட்டர் செய்தது.

கண்மாய்க் கரையில் கரிசலாங்கண்ணி தழைக்கும் காலமும் இதுதான். வெள்ளைப் பூ பூக்கும் கரிசாலையை எடுங்கள். சேறு போக நான்கைந்து தண்ணீரில் கழுவி, இடித்து, 100 மி.லி. சாறு பிழிந்து, 500 மி.லி. தேங்காய் எண்ணெயோடு இரும்புச் சட்டியில் சிறு தீயில் ஏற்றியது இரண்டாம் ஈடு. சட்டி பாதிக்கு மேல் நிறையக் கூடாது, பொங்கும். சாற்றின் தண்ணீர் வற்றும்வரை சடசடவென்று சத்தம் வரும். சத்தம் அடங்கி, அடியில் உள்ள கசடை இரு விரலால் உருட்டினால் மெழுகு போலத் திரள வேண்டும். ஒரு திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்திப் பாருங்கள்: படபடவென்று பொரிந்தால் தண்ணீர் மிச்சம் இருக்கிறது, அமைதியாக எரிந்தால் இறக்கலாம். அதற்கு மேல் விட்டால் கசடு மணலாகிக் கருகி, எண்ணெயில் தீய்ந்த வாடை ஏறும். தண்ணீர் மிச்சமிருக்கும் எண்ணெயோ புட்டியிலேயே பூஞ்சணம் பிடிக்கும்.

குளித்த பிறகு துண்டால் முறுக்கித் துவட்டக் கூடாது. பழைய மல் வேட்டியால் கீழிருந்து மேலாக ஒத்தி எடுங்கள். புதுக் கண்டாங்கிச் சேலைத் துணி முரடு. பல தடவை துவைத்து இளகியது பரவாயில்லை. ஈரம் சொட்டும்போதே ஆளி விதைக் கூழைப் பூசினால் சுருள் நாள் முழுக்கக் கலையாது: விதை இரண்டு டேபிள்ஸ்பூன், தண்ணீர் ஒன்றரை டம்ளர், கிளறிக்கொண்டே ஏழெட்டு நிமிடம். கரண்டியிலிருந்து நூலாக இறங்கும்போது சூட்டோடு வடிகட்டிவிட வேண்டும், ஆறினால் வடியாது. காய்ந்ததும் முடி விறைக்கும், இரண்டு சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துக் கசக்கினால் இளகிவிடும்.

கறுப்புக் கவுனி அரிசி ஊறவைத்த தண்ணீரையும் ஊற்றிப் பார்த்தோம். மெலிந்த சுருளுக்குக் கொஞ்சம் பிடிப்பு வருகிறது. மாதம் ஒரு தடவைக்கு மேல் போனால் விறைத்துச் சொரசொரக்கிறது, வேட்டியில் ஊதாக் கறையும் விழுகிறது. தடித்த சுருட்டை முடிக்கு வேண்டவே வேண்டாம்.

மார்கழி

விடியற்காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடுகிறது. 24 டிகிரிக்குக் கீழே அது திடமாகும். உறைந்த கட்டியைத் தலையில் வைத்துத் தேய்த்தால் ஓரிடத்தில் அப்பி ஓரிடத்தில் படாமல் போகிறது. மூன்று பங்குக்கு ஒரு பங்கு நல்லெண்ணெய் கலந்தபின் கையில் எடுத்ததும் இளகுகிறது, வாசனையும் நன்றாக இருக்கிறது. முழுக்குக்குப் பின் சாம்பிராணி போடும் வீடுகளில் தணலைச் சுருளுக்கு ஒரு முழமாவது தள்ளி வைக்க வேண்டும். பக்கத்தில் காட்டினால் நுனி காய்ந்து பிளக்கிறது. ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அந்தப் புகையே வேண்டாம்.

கரிசாலை ஈட்டில் மிஞ்சியது பழுப்புப் புட்டியில், வெளிச்சம் படாத அலமாரியில் இருக்கிறது. வாரத்துக்கு வேண்டியதை மட்டும் உலர்ந்த கரண்டியால் சின்னக் கிண்ணத்துக்கு எடுக்கிறோம். காறல் வாடை வந்துவிட்டால் தலைக்கு ஆகாது, விளக்குக்கு ஊற்றிவிடலாம்.