14ஆம் தேதியில் இருந்து 20ஆம் தேதி வரை

மாதத்தில் 14ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு வாரம்தான் என் பிழைப்பு. ஈரோட்டில் வீட்டு முன்னறையிலேயே கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். ஜவுளிக்கடை, நூல் கடை, இரண்டு மஞ்சள் வியாபாரிகள், ஒரு சாயப்பட்டறை என்று முப்பதுக்குக் கொஞ்சம் மேலே பார்ட்டிகள். 14ஆம் தேதி போர்ட்டலில் 2பி வந்துவிடும், அதாவது நமக்குச் சரக்கு விற்றவர்கள் காட்டியிருக்கிற பில்களின் பட்டியல். அதை நம் கொள்முதல் கணக்கோடு வரிக்கு வரி ஒத்துப் பார்த்து 20ஆம் தேதிக்குள் 3பி என்கிற மாதாந்திர வரி ரிட்டர்னைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி.

ஒத்துப் பார்ப்பது கஷ்டமான வேலை இல்லை, ஆனால் விடாமல் பார்க்க வேண்டிய வேலை. 15 இலக்க ஜிஎஸ்டி எண், பில் நம்பர், தேதி, தொகை, மறுபடி அடுத்த வரி. கண் அடுத்த வரிக்குப் போகும்போது மனசும் கூடவே போகவேண்டும், இல்லையென்றால் கண் பார்த்துக்கொண்டே இருக்கும், ஒன்றும் பதியாது.

போனைத் தூர வைத்துவிட்டு வேலை பார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு வேலை வருவதே போனில்தான். பில்லைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில்தான் போடுகிறார்கள். ரிட்டர்ன் போடும்போது ஓடிபி பார்ட்டியின் போனுக்குப் போகும், அவரைக் கூப்பிட்டுக் கேட்டால்தான் வேலை முடியும். அதே வாட்ஸ்அப்பில்தான் மகளின் பள்ளிக் குழு, சொந்தக்காரர்கள் குழு, யார் வீட்டு வளைகாப்பு வீடியோவோ எல்லாம் வந்து விழுகிறது. பில் வந்திருக்கிறதா என்று பார்க்கத் திறந்தால் பில்லை மட்டும் பார்த்துவிட்டு வர முடிவதில்லை.

போன வருடம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நூல் கடை அண்ணாவின் கணக்கு. 1,72,800 ரூபாய்க்கு ஒரு பருத்தி நூல் பில், 5 சதவீத வரி 8,640. போட்டோவை இரண்டு தடவை அனுப்பியிருக்கிறார், நானும் இரண்டு தடவை ஏற்றியிருக்கிறேன், ஒன்றில் பில் நம்பர் 0412 என்று, இன்னொன்றில் வெறும் 412 என்று. 2பியில் ஒன்றுதான் இருந்தது. அந்த வரிக்கு வந்ததும் ஏதோ உறுத்தியது, சரியாக அப்போது போன் சிணுங்கியது, எடுத்துப் பேசிவிட்டு, வந்த மெசேஜையும் பார்த்துவிட்டுத் திரும்பினால் எது உறுத்தியது என்பதே போய்விட்டது. அடுத்த வரியில் இருந்து தொடர்ந்தேன். ஒரே பில்லுக்கு இரண்டு தடவை வரவு எடுத்தாயிற்று, அதாவது சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியைக் கட்டவேண்டிய வரியில் இரண்டு தடவை கழித்தாயிற்று. அடுத்த மாதம் கண்டுபிடித்துத் திருப்பிக் கட்ட வைத்தேன், ஒரு மாத வட்டி கிட்டத்தட்ட 130 ரூபாய். அதை நானே கொடுக்கிறேன் என்றேன். "அட விடுங்க அம்மணி, நூத்திமுப்பது ரூவாய்க்குப் போயி" என்று அவர் வாங்கவே இல்லை. ஆனால் அதற்கடுத்த மாதம் பில் அனுப்பிவிட்டு, "எதுக்கும் இன்னொருக்கா பாத்துருங்க" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். பத்து வருடப் பழக்கத்தில் அவர் அப்படிச் சொன்னதே இல்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அப்புறம்தான் இதைப் பற்றி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் குளோரியா மார்க் என்று ஒரு பேராசிரியை, அலுவலகங்களில் மக்கள் எப்படி வேலை பார்க்கிறார்கள் என்று பல வருடங்களாகக் கவனித்து வருபவர். 2004இல் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்ற கவனம் இப்போது 47 விநாடி அளவுக்கு வந்துவிட்டது என்கிறார். எனக்குச் சுருக்கென்று தைத்தது இன்னொன்று: தடங்கல்களில் கிட்டத்தட்ட பாதி வெளியில் இருந்து வருவதில்லையாம், யாரும் கூப்பிடாமலே நாமே வேலையை விட்டு எழுந்து போகிறோமாம்.

நம்பாமல் நானே எண்ணிப் பார்த்தேன். ஒரு நாள் காலையில் பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, போன் அடிக்காமலே கை போனுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு, பக்கத்தில் அப்போது நான் இருந்த வரியின் எண். மதியச் சாப்பாட்டுக்குள் 17 கோடு. எண்ணிக்கை கிடக்கட்டும், அந்த வரிகளைத் திரும்பப் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. முக்கால்வாசி கோடுகள் கணக்கு இடிக்கிற வரிகளில் இருந்தன. பில் நம்பர் மாறியிருக்கிறது, மில்காரர் பில்லையே காட்டவில்லை, தேதி மாதம் தாண்டியிருக்கிறது, இப்படி. சலிப்பில் கை போகவில்லை, சிக்கல் வந்ததும் போயிருக்கிறது. எந்த இடத்தில் என் கவனம் அதிகமாக வேண்டுமோ சரியாக அந்த இடத்தில் நான் ஓடியிருக்கிறேன்.

அதனால் இப்போது சிக்கலான வரி வந்தால் அங்கே மல்லுக்கட்டுவதில்லை. மஞ்சள் நிறம் அடித்துவிட்டு, என்ன சந்தேகம் என்று பக்கத்துக் கட்டத்தில் நாலு வார்த்தை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறேன். மஞ்சள் வரிகளை எல்லாம் மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு, வீடு எழுந்திருக்கும் முன்னால், மொத்தமாகப் பார்க்கிறேன். போன் அடித்தாலும் அப்படித்தான், "142, நம்பர் இடிக்குது" என்று தாளில் எழுதிவிட்டுத்தான் எடுப்பேன், அதற்குள் இரண்டு ரிங் போகும், போகட்டும்.

பில்களுக்கு என்று தனியாக ஒரு சிம் வாங்கி, வீட்டில் சும்மா கிடந்த பழைய போனில் போட்டேன். அது சமையலறை அலமாரியில் இருக்கும், காலை பத்து, மதியம் ஒன்று, சாயங்காலம் நாலு மணிக்குப் போய்ப் பார்ப்பேன். ஈமெயிலில் அனுப்பச் சொல்லித்தான் முதலில் கெஞ்சினேன், ஒருத்தரும் அனுப்பவில்லை, கடையில் நின்றுகொண்டு அவர்களுக்கு அதற்கு நேரமும் இல்லை. பிறகு எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்: இந்த வாரம் அவசரம் என்றால் என் நம்பருக்குக் கூப்பிடுங்கள், மெசேஜ் போடாதீர்கள். கூப்பிடச் சொன்னால் தொந்தரவு கூடும் என்று பயந்தேன், குறைந்துவிட்டது. மெசேஜ் போட யாரும் யோசிப்பதில்லை, கூப்பிட என்றால் ஒரு நிமிடம் யோசிக்கிறார்கள். ஓடிபி எல்லாம் சாயங்காலம் ஐந்தில் இருந்து ஆறுக்குள், அந்த நேரம் போனைக் கையில் வைத்திருங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

25 நிமிடம் அலாரம் வைத்து வேலை செய்கிற முறையையும் ஒரு மாதம் செய்து பார்த்தேன். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980களின் கடைசியில் தக்காளி மாதிரி இருந்த சமையலறைக் கடிகாரத்தை வைத்து ஆரம்பித்தது. மகளுக்குப் பரீட்சைக்குப் படிக்க அது நன்றாகவே உதவுகிறது. எனக்கு ஒத்துவரவில்லை. ஒரு பார்ட்டியின் கணக்கு முடிய நாற்பது, ஐம்பது நிமிடம் ஆகும், நடுவில் அலாரம் அடித்தால் அதுவே இன்னொரு தடங்கல். ஒரு கணக்கு முடியும் வரை எழுந்திருக்கக் கூடாது, முடிந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும், இதுதான் எனக்கு நிற்கிறது. மாமியார் "சோறு ஆறுது கண்ணு, வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ" என்று கூப்பிடுவதை மட்டும் நான் தடங்கல் கணக்கில் சேர்க்கவே இல்லை. எழுந்து போய்விடுவேன்.

இந்த மாதம் கடைசி ரிட்டர்ன் 18ஆம் தேதி சாயங்காலமே போய்விட்டது. நூல் கடை அண்ணா ஓடிபி சொல்லிவிட்டு, "அதுக்குள்ளயுமா முடிச்சுட்டீங்க?" என்று கேட்டார். அவர் கணக்கில் ஒரு மஞ்சள் வரி மட்டும் மிச்சம் இருக்கிறது, மில்காரர் இன்னும் ஒரு பில்லைக் காட்டவில்லை. அதற்கான வரவை எடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறேன், நாளைக்கு மில்லுக்கு ஒரு போன் போட வேண்டும்.