அக்காவின் கழுத்து நோ

வெள்ளவத்தை அக்காவுக்குக் கடும் வைரஸ் காய்ச்சல் மாறி மூன்று கிழமை. அப்புறம் கழுத்தின் முன்பக்கம் நோ தொடங்கி, விழுங்கும்போது காது வரை இழுத்தது. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம் வேறு. பல் நோ என்று நினைத்துப் பல் வைத்தியரிடம்தான் முதலில் கூட்டிப்போனோம். இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது, கழுத்தின் முன்பக்கத்தில் இருக்கும் தைரொயிட் சுரப்பியில் அழற்சி.

சுவாசத் தொற்றுக்குச் சில கிழமைகள் கழித்துச் சிலருக்கு, கூடுதலாகப் பெண்களுக்கு, இது வருகிறது. 2020இலிருந்து கொவிட் வந்தவர்களிடமும் கண்டிருக்கிறார்கள். புண்பட்ட சுரப்பி சேமித்து வைத்திருந்த ஹோர்மோனைக் கசியவிடுகிறது. புதிதாகக் கூடுதலாகச் சுரப்பதில்லை. அதனால் சுரப்பைக் குறைக்கும் மாத்திரை இதற்கு உதவாது, அழற்சிக்குத்தான் மருந்து. கசிந்து முடிந்தபின் ஹோர்மோன் குறைந்து சோர்வு வரலாம். பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும்.

காய்ச்சல் விட்டபின் கழுத்து நொந்தால், தயவுசெய்து தைரொயிட்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.