திருமுழுக்குச் சான்றிதழுக்கு ஐந்து வாரம்: திருச்சபை அமைப்பில் வேலைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

விண்ணப்பம், நேர்காணல், சம்பளப் பேச்சு எல்லாம் சேர்த்து எட்டு நாளில் முடிந்தது. திருமுழுக்குச் சான்றிதழ், அதாவது ஞானஸ்நானச் சான்றிதழ், ஒன்றுக்கு மட்டும் ஐந்து வாரம் போனது. சிங்கப்பூரில் கத்தோலிக்கத் திருச்சபை அமைப்பு எதிலாவது வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், விளம்பரம் கண்ணில் படும்வரை காத்திருக்காதீர்கள். இந்தத் தாளுக்கு இன்றே எழுதிப் போடுங்கள்.

எல்லா வேலைக்கும் இதைக் கேட்பதில்லை. கணக்கு, சமையல், சமூக சேவை போன்ற வேலைகளில் கத்தோலிக்கர் அல்லாதவர்களும் இருக்கிறார்கள். மறைக்கல்வி, இளையர் பணி, வழிபாடு என்று வரும்போதுதான் ‘பங்கில் ஈடுபாடுள்ள கத்தோலிக்கர்’ என்ற நிபந்தனை சேரும். பங்கு என்பது ஒரு கோவிலைச் சேர்ந்த சபை வட்டாரம்; அதன் பொறுப்பாளர் பங்குத்தந்தை. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டமும், ஆள் எடுக்கும்போது சமயத்தைக் கருத்தில் கொள்ளச் சமய அமைப்புகளுக்கு இடம் கொடுக்கிறது. அதனால் ஏன் கேட்கிறீர்கள் என்று வாதாடிப் பயனில்லை. இந்த வேலைக்கு அது தேவையா, தேவை என்றால் எந்த வடிவில் வேண்டும் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ‘எந்த வடிவில்’ என்ற அந்த இரண்டு சொல்லைக் கேட்காமல் விட்டதில்தான் ஐந்து வாரம் கரைந்தது.

முதல் தடவை திருப்பி அனுப்பியதற்குக் காரணம், கொடுத்தது முதல் நன்மைக்காக (முதன்முதலாக நற்கருணை பெறுவதற்காக) எடுத்து வைத்திருந்த பழைய சான்றிதழின் நகல். திருச்சபைச் சட்டம் 535ன்படி ஒருவருடைய உறுதிப்பூசுதல், திருமணம் போன்றவற்றையும் அவருடைய திருமுழுக்குப் பதிவின் ஓரத்திலேயே குறிக்க வேண்டும். பழைய நகலில் அந்த ஓரக்குறிப்புகள் இருக்காது. அண்மையில் எடுத்தது வேண்டும் என்பது நியாயமான கேள்விதான். இரண்டாவது தடவை, ஊரிலிருந்து வாட்ஸ்ஆப்பில் வந்த படத்தில் பங்கு முத்திரை பாதி வெட்டுப்பட்டிருந்தது. மூன்றாவது தடவை, பெயர் ஐசியோடு (அடையாள அட்டையோடு) பொருந்தவில்லை என்றார்கள்.

இதில்தான் இன்னும் ஆறவில்லை. பெயர்ப் பொருத்தமின்மை முதல் நாள் கொடுத்த நகலிலேயே பளிச்சென்று இருந்தது. அன்றைக்கே மூன்று தேவைகளையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் ஊருக்கு ஒரே கடிதம் போயிருக்கும். ஒரு நடைக்கு ஒரு குறை என்று சொல்வது எந்த முகப்பிலும் தவறு. மனித மாண்பைச் சுவரில் எழுதி வைத்திருக்கும் அலுவலகத்தில் அது இரட்டைத் தவறு.

தமிழ்நாட்டுப் பங்குக்கு எழுதும்போது பெயரும் பிறந்த தேதியும் மட்டும் போதாது. பதிவேடு திருமுழுக்கு நடந்த தேதி வரிசையில்தான் இருக்கும். திருமுழுக்கு ஆண்டு, அப்பா அம்மா பெயர், ஞானத்தந்தை ஞானத்தாய் பெயர் எல்லாம் எழுதுங்கள். தேதி தெரியாவிட்டால் பிறந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தேடச் சொல்லுங்கள். திருமுழுக்கின்போது உங்கள் ஊர் கிளைப்பங்காக இருந்து பிறகு தனிப் பங்காகியிருந்தால், பதிவு பழைய தாய்ப்பங்கில் இருக்கவே வாய்ப்பு அதிகம். புதிய பங்கில் கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். பதிவு தொலைந்தது என்று அதற்குப் பொருள் இல்லை. மறைமாவட்டம் (ஓர் ஆயரின் கீழுள்ள பங்குகளின் தொகுதி) மாறியதும் குழப்பும். திருச்சியிலிருந்து திண்டுக்கல் 2003ல் பிரிந்தது. கோட்டாற்றிலிருந்து குழித்துறை 2014ல் பிரிந்தது. சான்றிதழில் புதிய மறைமாவட்டத்தின் பெயரும் உங்கள் பழைய தாள்களில் பழைய பெயரும் இருந்தால், அதை ஒரு வரியில் விளக்கி மேலே இணைத்துவிடுங்கள்.

உறவினர் யாரையாவது நேரில் அனுப்ப முடிந்தால் வேலை சீக்கிரம் முடியும். ஞாயிறு பூசை முடிந்து அனுப்பாதீர்கள். சாமியார் அடுத்த கிளைக் கோவிலுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். வார நாளில் காலைப் பூசைக்குப் பிறகு போகச் சொல்லுங்கள். பங்குத்தந்தை கையெழுத்து, முழு முத்திரை, பதிவு எண், கொடுத்த தேதி நான்கும் இருக்கின்றனவா என்று அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள்.

பெயர் விஷயத்துக்கு வருவோம். பழைய பதிவேடுகளில் லத்தீன் எழுத்து வழக்கம் இருக்கும். தமிழ்ப் பெயர்களும் கலந்திருக்கும். ஐசியில் அப்பா பெயர் ஜோசப். பதிவேட்டு வரியில் சூசை. நமக்கு இரண்டும் ஒன்று. இங்கே தாளைச் சரிபார்ப்பவருக்கு அது வேறொரு மனிதர். அருளப்பர் என்றால் ஜான், இராயப்பர் என்றால் பீட்டர், சின்னப்பர் என்றால் பால், யாகப்பர் என்றால் ஜேம்ஸ் என்று யாராவது எழுத்தில் சொல்ல வேண்டும். அதைச் சான்றிதழ் கொடுக்கும் பங்குத்தந்தையிடமே கேளுங்கள்: ‘பதிவில் உள்ளவரும் கடவுச்சீட்டில் உள்ளவரும் ஒருவரே’ என்று தனித்தாளில், அதே முத்திரையோடு. பெயர் மாற்றப் பத்திரம் எழுதச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நீங்கள் பெயரை மாற்றவில்லை. கடிதம் கிடைக்கவே வழியில்லை என்றால் சத்தியப் பிரமாண ஆணையர் முன் ஒரு வாக்குமூலம் கொடுக்கலாம்.

பதிவேடே கரையான் அரித்துப் போயிருந்தாலும் கதை முடிந்துவிடவில்லை. குழந்தையாகத் திருமுழுக்குப் பெற்றவருக்கு, யாருடைய உரிமையும் பாதிக்கப்படாதபோது, நம்பத்தக்க ஒரே ஒரு சாட்சியின் வாக்கு போதும் என்கிறது திருச்சபைச் சட்டம் 876. பெரியவராகப் பெற்றவர் தாமே சத்தியம் செய்யலாம். ஞானத்தாய் உயிரோடு இருந்தால் அவர்தான் சாட்சி. இந்த எண்ணைச் சொன்ன பிறகு ‘முடியாது’ என்ற பேச்சு நின்றுபோவதைப் பார்க்கலாம்.

அடுத்த சிக்கல் பங்குத்தந்தை பரிந்துரை. தமிழ்ப் பூசைக்காக ஓஃபிர் சாலை லூர்து மாதா ஆலயத்துக்குப் போகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். வீடு உட்லண்ட்ஸில், ஞாயிறு பூசை லூர்து மாதாவில். வீட்டுப் பங்கில் முகம் தெரியாது. போகும் கோவிலில் முகவரி பொருந்தாது. படிவத்தில் ‘உங்கள் பங்கு’ என்பது வசிக்கும் பங்கா, வழிபடும் பங்கா என்று முதலில் கேளுங்கள். பதில் எதுவானாலும், உங்களோடு பணிக்குழுவில் இருந்த ஒருங்கிணைப்பாளரிடம் அரைப் பக்கம் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு பங்குத்தந்தையிடம் போங்கள். புதிதாக மாற்றலாகி வந்தவர் உங்களைத் தெரியாமல் கையெழுத்துப் போடத் தயங்குவது சரிதான். அந்த அரைப் பக்கம் அவருக்குத்தான். பல பங்கு அலுவலகங்கள் திங்கட்கிழமை திறப்பதில்லை. போன் செய்துவிட்டுப் போங்கள்.

காவல்துறையின் குற்றப்பதிவின்மைச் சான்றிதழை வேலைக்காக எடுக்க அலையாதீர்கள். அது வெளிநாட்டுத் தேவைக்கானது. சிங்கப்பூர்க் குடிமக்கள் கேட்க வேண்டுமென்றால் அதைக் கேட்கும் வெளிநாட்டு அமைப்பின் கடிதம் காட்ட வேண்டும். உள்ளூர் வேலைக்குப் பெரும்பாலும் உறுதிமொழிப் படிவம்தான். குழந்தைகள், முதியோர் பாதுகாப்பு விதிகளையும் அதோடு தருவார்கள். வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளைகளோடு தனி அறையில் தனியாக இருக்கக் கூடாது, சொந்தக் கைப்பேசியில் தனிச்செய்தி கூடாது போன்ற விதிகளை முதல் வாரத்திலேயே தெரியாமல் மீறிவிடுவோம்.

ஐசி நகலை விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டாம். 2019 செப்டம்பர் முதல், சட்டம் கேட்டால் அல்லது ஆளை உறுதியாக அடையாளம் காண வேண்டியிருந்தால் ஒழிய, அமைப்புகள் முழு ஐசி எண்ணையோ நகலையோ வாங்கக் கூடாது. வேலை உறுதியான பிறகு கொடுத்தால் போதும். முகவரியையும் ஒருமுறை பாருங்கள். கத்தோலிக்க அலுவலகம் என்றாலே வாட்டர்லூ ஸ்திரீட்டுக்குக் கால் தானாகப் போகும். கத்தோலிக்கச் சமூக சேவை அமைப்பான கரித்தாஸ் இருக்கும் அகாபே வில்லேஜ், தோ பாயோ லோரோங் 8ல் இருக்கிறது.

நேர்காணலில் செபம் சொல்லத் தெரியுமா என்று கேட்பதில்லை. விழுமியங்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள், அதுவும் நடைமுறைக் கேள்வியாக. மனித மாண்பு, பொது நலன், தோழமை, ஏழைகளுக்கு முன்னுரிமை என்று ஒப்பித்தால் எடுபடாது. ஒரு முஸ்லிம் குடும்பம் உணவுப் பொருள் கேட்டு வருகிறது, முதலில் என்ன செய்வீர்கள்? அலமாரியில் இருப்பதில் எது ஹலால் என்று பார்க்க வேண்டும். வேதத்தைப் பற்றிப் பேசக் கூடாது. உதவி எந்த மதத்தவருக்கும் உதவிதான். இன்னொன்று, படிவம் நிரப்பத் திணறும் ஒரு முதியவர். வேகமாக நாமே நிரப்பிக் கொடுப்பது அன்பாகத் தெரியும். ஆனால் அவரால் முடிந்ததை அவரிடமிருந்து பிடுங்கக் கூடாது. பேனா அவர் கையில் இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து கட்டத்தை மட்டும் விரலால் காட்டுங்கள். சிறியவர்கள் செய்யக்கூடியதை மேலே இருப்பவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 1931ல் திருத்தந்தை பதினோராம் பயஸ் எழுதியது மேசையில் இந்த அளவுக்குத்தான் இருக்கும். அதைவிடப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது கேள்வி: வந்தவரிடம் தாள் குறைகிறது, எப்படிச் சொல்வீர்கள்? ஐந்து வாரம் அலைந்தவருக்கு இதற்குத் தயாரிப்பே வேண்டாம். முழுவதையும் பார்த்துவிட்டு, குறைகிற எல்லாவற்றையும் ஒரே தாளில், அவருடைய மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பதிலுக்குத் தலையசைப்புக் கிடைத்தது.

வேலை உறுதியானதும், சேர்ந்த 14 நாளுக்குள் முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும் என்பது மனிதவள அமைச்சின் விதி. இங்கே கூச்சப்படாதீர்கள். திருச்சபைப் பணிதானே என்று பேசாமல் இருப்பது பெருந்தன்மை அல்ல. தொழிலாளருக்கு நியாயமான கூலி வேண்டும் என்று 1891லேயே எழுதியவர் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ. புனித வெள்ளியும் கிறிஸ்துமஸும் பொது விடுமுறை, ஆனால் நமக்கு அதிக வேலை உள்ள நாட்கள் அவைதான். அன்று வேலை செய்தால் கூடுதல் ஒரு நாள் சம்பளமா, மாற்று விடுப்பா என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். உயிர்ப்பு ஞாயிறு பொது விடுமுறை அல்ல. வார ஓய்வு நாள் எது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். மத்திய சேமநிதி (மசேநி) கழிவு வழக்கம்போல்தான்.

சேர்ந்த பிறகு புதியவர்கள் அதிகம் தவறுவது நன்கொடை ரசீதில். கோவில் காணிக்கைக்கு வரிக் கழிவு கிடையாது. ஐபிசி (பொதுநல அமைப்பு) தகுதி பெற்ற அறநிறுவனத்துக்குக் கொடுக்கும் தகுதியுள்ள நன்கொடைக்குத்தான் 2026 இறுதிவரை 250 விழுக்காடு கழிவு. அதற்கு மட்டும் கொடுப்பவரின் ஐசி எண் கட்டாயம் வேண்டும். இரண்டு ரசீதுப் புத்தகமும் ஒரே மேசையில் இருந்தால் அட்டையில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ரொக்கத்தை எப்போதும் இருவர் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்திட வேண்டும்.

கடைசியாக, ஊரிலிருந்து வந்த மூலச் சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் முத்திரை மை கெட்டுவிடலாம். சரிபார்ப்பவர் விரலால் தடவிப் பார்க்கும் அழுத்த முத்திரையும் தட்டையாகிவிடும். ஒளி ஊடுருவும் உறையில் வைத்து, நிற நகல் இரண்டு எடுத்து, நகலை மட்டும் கொடுங்கள். மூலத்தைக் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.