டபிள் சொன்ன பின் துருப்பை இறக்கிப் பார்த்தது

நாகர்கோவில் பக்கம் சீட்டு பழகியவர்கள் பலரும் இருபத்தெட்டு ஆடி வளர்ந்தவர்கள். அதில் ஜாக்கிக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2. துருப்பு (மற்ற இனங்களை வெட்டும் இனம்) எது என்பதே ஏலம் எடுத்தவரின் கவிழ்த்த சீட்டில் ஒளிந்திருக்கும். அந்தக் கைப்பழக்கத்தோடு பிரிட்ஜுக்கு வருகிறவருக்கு, எதிரணியின் துருப்பை நாமே முதலில் இறக்குவது மனம் ஒப்பாத காரியம். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அதைத்தான் பழகி வருகிறேன். எதிரணியின் காண்ட்ராக்டுக்கு (இத்தனை சுற்று, அதாவது பிடி, வெல்வோம் என்று ஏலத்தில் ஒப்புக்கொண்டதற்கு) டபிள் (உங்களால் முடியாது என்று புள்ளியை ஏற்றும் சவால்) சொன்னால், துருப்பிலிருந்தே தொடங்குவது.

செட்டிகுளத்தில் நண்பர் வீட்டு மாடியில் ஞாயிறு மாலை ஆட்டம். என் கூட்டாளி தக்கலையிலிருந்து வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர், எனக்கு ‘சார்’. சென்ற வாரம் வந்த ஒரு கை, இந்தப் பழக்கத்தின் அருமையை முழுசாகக் காட்டியது.

நாங்கள் வல்னரபிள் (வென்றால் பரிசும் தோற்றால் அபராதமும் கூடும் நிலை), எதிரணி இல்லை. சார் 1 ஆர்ட்டின் திறந்தார். எதிராளி 2 இஸ்பேடுக்குத் தாவினார். நான் 4 ஆர்ட்டின் சொன்னேன், எதிராளியின் கூட்டாளி 4 இஸ்பேட், அதாவது இஸ்பேட் துருப்பில் பதிமூன்றில் பத்துப் பிடி. சார் பாஸ். சுற்றி வந்ததும் நான் டபிள் சொன்னேன்.

என் கையில் இஸ்பேடில் ஏஸ், 4, 3. டைமனில் ராஜா, ராணி, ஜாக்கி, 2. பார்த்தவுடன் டைமன் ராஜாவை வைக்கத்தான் கை போகும். ஆனால் டபிள் சொன்னவர் முதலில் போட வேண்டியது கணக்கு. எங்கள் 4 ஆர்ட்டின் நிறைவேறினால் 620, கூடுதல் பிடி வந்தால் அதற்கும் மேல். எதிரணியை மூன்று பிடி குறைத்தால் 500தான். அது நமக்கு நஷ்டம். நான்கு குறைத்தால் 800. ஆகவே எங்களுக்கு ஏழு பிடி வேண்டும், ஆறு போதாது.

எதிரணியிடம் உயர்ந்த சீட்டுகள் குறைவு என்பது ஏலத்திலேயே தெரிந்துவிட்டது. அப்படியானால் அவர்களுக்குப் பிடி எங்கிருந்து வரும்? டம்மியின் (மேசையில் விரித்து வைக்கப்படும், எதிராளியின் கூட்டாளி கை) துருப்பால் வெட்டித்தான் வர வேண்டும். இஸ்பேட் 3ஐ இறக்கினேன்.

டம்மி விரிந்தது: இஸ்பேடில் 9, 7, 5, டைமனில் ஒற்றை 7, கிளாவரில் ஏஸ், ராணியோடு நீளமான வரிசை. முதல் பிடியை டம்மியின் 7 எடுத்தது. சாரிடம் இருந்த ஒரே துருப்பான 2 விழுந்தது. உடனே டம்மியிலிருந்து டைமன் 7 வந்தது. இந்த இடத்தில்தான் சார் செய்ததை எத்தனை பாராட்டினாலும் தகும். அவர் கையில் டைமன் ஏஸ். பிடித்திருந்தால் திருப்பி இறக்க அவரிடம் துருப்பே கிடையாது. நிதானமாக 4ஐ வைத்தார். எதிராளி 9 போட, நான் ஜாக்கியால் பிடித்தேன். பிறகு இஸ்பேட் ஏஸ், தொடர்ந்து 4. டம்மியின் மூன்று துருப்பும் ஒரு வெட்டுக்கும் உதவாமல் தீர்ந்தன.

எதிராளி கையில் டைமன் இன்னும் மூன்று, எல்லாம் சிறுசு. துருப்பில் ஐந்தும் கிளாவர் ஏஸும் சேர்த்து ஆறு பிடிதான் அவருக்குக் கிடைத்தது. எங்களுக்கு 800.

ஆட்டம் முடிந்ததும் நான்கு கைகளையும் விரித்துப் பார்த்தோம். டைமன் ராஜாவில் தொடங்கி, அடுத்து துருப்புக்கு மாறியிருந்தால்கூட ஒரு சுற்று பிந்தியிருக்கும். டம்மியில் மிஞ்சும் ஒரு துருப்பால் ஒரு வெட்டு, 500. முதல் சீட்டிலேயே முடிவாகிவிட்ட 300 புள்ளி அது.

எல்லாக் கைக்கும் இது பொருந்தாது. என்னிடமே நான்கு துருப்பு இருந்தால், நீளமான வரிசையை விடாமல் இறக்கி, எதிராளியை அவர் கையிலேயே வெட்ட வைத்து, அவருடைய துருப்பைக் கரைப்பதுதான் வழி. இந்த வாரம் அதைப் பழக வேண்டும்.

ஒற்றைத் துருப்பு இருக்கும்போது அதை முதலில் இறக்கலாமா என்பதில் மட்டும் எனக்கும் சாருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. “தம்பி, என் கையில் ராணியோடு இரண்டு சின்னத் துருப்பு இருந்தால் அதை நீங்களே எதிராளிக்குக் காட்டிக் கொடுத்துவிடுவீர்கள்” என்கிறார். டம்மியில் வெட்டு நிச்சயம் என்று ஏலம் சொன்னால் அந்த ராணியைப் பணயம் வைக்கலாம் என்பது என் கட்சி. அப்படி ஒரு கை வரும்போது இறக்கிப் பார்த்து எழுதுகிறேன்.