கைக்குழந்தையோடு மேஜிக் கிங்டம்

புளோரிடாவில் இருக்கும் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் தீம் பார்க்குக்குப் போகிறோம் என்றதும் அம்மா கேட்டது, “பச்சைக் குழந்தையை வச்சுக்கிட்டு ரோலர் கோஸ்டரா?” 3 வயதுக்குள் டிக்கெட்டே வேண்டாம் என்றேன். அம்மா சமாதானம் ஆகவில்லை.

என் திட்டம் முழுக்க, பெற்றோர் மாறி மாறி ரைடில் ஏற உதவும் ‘ரைடர் ஸ்விட்ச்’ வசதியை நம்பித்தான். செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயின் ரோலர் கோஸ்டரில் ஏற 38 அங்குல உயரம் வேண்டும், ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44. பாப்பாவுக்கு அதெல்லாம் ரொம்ப தூரம். வாசலில் நிற்கும் ஊழியரிடம் சொன்னால், ஒருவரை வரிசைக்கு அனுப்பிவிட்டு, குழந்தையோடு காத்திருப்பவரின் டிக்கெட்டை ஸ்கேன் செய்துகொள்வார். போனவர் திரும்பியதும் குழந்தையைக் கைமாற்றிவிட்டு லைட்னிங் லேன் என்ற விரைவு வரிசை வழியாகப் போகலாம். தனிக் கட்டணம் கிடையாது. கணவர் வெயிலில் வரிசையில் நின்றார். நான் நிழலில் பால் கொடுத்துவிட்டு நோகாமல் உள்ளே போனேன். அடுத்த ரைடுக்கு முறையை மாற்றச் சொன்னார், நியாயம்தான்.

பீட்டர் பான்ஸ் ஃபிளைட்டுக்கு உயரக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் வரிசை நீளம், தள்ளுவண்டியை வெளியே விட வேண்டும். அதனால் காலையில் முதல் வேலையாக அது, பாப்பா என் மேல் கட்டிய பேபி கேரியரில். ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ படகு மெதுவாகப் போகும், தூக்க நேரத்துக்குச் சரி.

அப்புறம், பார்க் நுழைவாயிலிலிருந்து போகும் மெயின் ஸ்ட்ரீட் முடிவில், கிரிஸ்டல் பேலஸ் உணவகம் பக்கத்தில் பேபி கேர் சென்டர் இருக்கிறது. பாலூட்டத் தனி இடம், டயப்பர் மாற்ற மேசை, முக்கியமாக ஏசி. உண்மையைச் சொன்னால் ஸ்பேஸ் மவுண்டனைவிட எனக்கு அதுதான் பிடித்தது. இரவு வாணவேடிக்கை காதைப் பிளக்கும். நாங்கள் அதற்கு முன்பே கிளம்பிவிட்டோம்.